புது டொமைன், எல்லா மெயிலும் ஸ்பாமில்

போர்வைக்கடை:
சென்னிமலையில் போர்வை, துண்டு வியாபாரம். போன மாதம் புது டொமைன் வாங்கி, பழைய பில் புத்தகத்தில் இருந்த 1,800 முகவரிக்கும் ஒரே ராத்திரியில் தள்ளுபடி மெயில் போட்டேன். 200க்கு மேல் திரும்பி வந்தது. இப்போது மச்சானுக்கு அனுப்புவதுகூட ஸ்பாமில் கிடக்கிறது. மெயில் என் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

சர்வர்காரன்:
அண்ணே, அவை அடையாள அட்டை மாதிரி. நீங்கள் யார் என்று சொல்லும், நல்லவரா என்று சொல்லாது. மொத்த மெயிலை இரண்டு வாரம் நிறுத்துங்கள். அப்புறம் சமீபத்தில் வாங்கிய 30, 40 பேருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள்; திறந்து படித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் இல்லையென்றால் அதையும் போடுங்கள். ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது ஜிமெயில். 0.3ஐத் தொடவே கூடாது. பட்டியலிலிருந்து விலகும் இணைப்பை ஒளித்து வைக்காதீர்கள், தேடிக் கிடைக்காதவர்தான் ஸ்பாம் பொத்தானை அமுக்குவார்.

பழைய கணக்கர்:
திரும்பி வந்த 200ஐ முதலில் பட்டியலிலிருந்து தூக்குங்கள். பில்லில் கையால் எழுதியவை என்றால் பாதி எழுத்துப் பிழையாக இருக்கும். மீதிப் பேரும் விளம்பரம் கேட்டா முகவரி கொடுத்தார்கள்?

போர்வைக்கடை:
இல்லைங்க, பில்லுக்காகத்தான் வாங்கினோம். இப்போதுதான் பார்த்தேன், 'ஜிமெயில்' என்பதில் ஒரு எழுத்து விட்டதே 43 இருக்கிறது. எல்லாம் எங்கள் அப்பா கையெழுத்து.