பழைய கிளிப்ப தேடி எடுத்து காட்ட காமெடி ஷோதான் வரணுமா? நியூஸ் சேனல் என்ன பண்ணுது?

பீனிக்ஸ்_தம்பி:
வணக்கம். ரெண்டு மூணு நாளா டெய்லி ஷோங்கற அமெரிக்க காமெடி நியூஸ் நிகழ்ச்சியோட பழைய எபிசோடு பாத்துட்டிருக்கேன், ஜான் ஸ்டூவர்ட் நடத்துனதும் நம்ம தென்னாப்பிரிக்காக்காரர் ட்ரெவர் நோவா நடத்துனதும். ஒரு தலைவர் இன்னிக்கு பேசுனத போட்டு, அதே ஆளு முன்னாடி அதுக்கு நேர்மாறா பேசுனதயும் பக்கத்துலயே போடுறாங்க, அதுலயே வண்டவாளம் வெளிய வந்துருது. ஆனா அந்த வீடியோ எல்லாமே நியூஸ் சேனல் எடுத்ததுதானே, அவங்களே ஏன் போட மாட்டேங்குறாங்க?

டர்பன்_அக்கா:
அந்த தலைவர் நாளைக்கும் ஸ்டுடியோவுக்கு வரணும்ல தம்பி, பகைச்சுக்கிட்டா பேட்டி கிடைக்காது. 2004ல ஸ்டூவர்ட் சிஎன்என் சேனலோட க்ராஸ்ஃபயர்ங்கற அரசியல் விவாத நிகழ்ச்சியில போய் உக்காந்து, நீங்க பண்றது விவாதமே இல்ல நாடகம்னு ஆங்கருங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு, அடுத்த ஜனவரியில அந்த நிகழ்ச்சிய நிறுத்தப்போறதா சேனலே அறிவிச்சுது. அவருக்கு அன்னிக்கு கோவம் அரசியல்வாதி மேல இல்ல, கேக்க வேண்டிய கேள்விய கேக்காதவங்க மேல.

சாட்ஸ்வர்த்_வாசி:
அமெரிக்கா இருக்கட்டும், இங்க தென்னாப்பிரிக்காவுல நடந்தத பாருங்க. கார்ட்டூனிஸ்ட் ஸாப்பிரோவும் தியரி கசூட்டோவும் பொம்மைங்கள வெச்சு ஸாநியூஸ்னு ஒரு அரசியல் கிண்டல் ஷோ ஆரம்பிச்சாங்க, நம்ம அரசு ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி முதல்ல ஒரு மாதிரி எபிசோடு எடுக்கச் சொல்லிட்டு அப்புறம் ஒளிபரப்பவே இல்ல, 2009ல இன்டர்நெட்லதான் வந்துச்சு. அதே எஸ்ஏபிசி 2016 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னாடி, போராட்டத்துல பொதுச்சொத்த கொளுத்துற காட்சிய காட்டக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. எதிர்த்து நின்ன எட்டு பத்திரிகையாளர்களுக்கு வேலை போச்சு. அவங்களும் அந்த நியூஸ்ரூம் ஆளுங்கதான், அதனால மீடியாவே மோசம்னு மொத்தமா சொன்னா எனக்கு ஒத்துக்க முடியல. தைரியமா இருக்கறவங்கள மேல இருக்கறவங்க அடக்குறாங்க, அதத்தான் பேசணும்.

டர்பன்_அக்கா:
சரிதான் அண்ணா, அந்த எட்டு பேர மறக்கக்கூடாது. ஆனா ஒண்ணு, காமெடி ஷோவுக்கு நம்ம தெருப் பிரச்சினை எட்டவே எட்டாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துல தண்ணி சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, டர்பனுக்கு வடக்க இருக்கற டோங்காட்ல மாசக்கணக்கா குழாய்ல தண்ணி வரல, வயசானவங்க எல்லாம் பக்கெட்டோட டேங்கர் லாரிக்கு காத்து கெடந்தாங்க. எப்ப சரியாகும்னு அதிகாரிங்க ஒவ்வொரு தடவையும் சொன்னத மட்டும் தேதியோட வரிசையா போட்டு காட்டியிருந்தா போதும், அதுக்கு ஜோக்கே வேணாம்.

பீனிக்ஸ்_தம்பி:
அப்போ நம்ம இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான ரேடியோ லோட்டஸ் எஃப்எம்ல கேக்கலாமே அக்கா, அதுவும் எஸ்ஏபிசியோடதுதான், டர்பன்லயேதான் இருக்கு. கவுன்சிலர் பேட்டிக்கு வர்றப்ப அவர் முன்னாடி சொன்ன ஆடியோவ முதல்ல ஓட விட்டுட்டு கேள்வி ஆரம்பிங்கன்னு எழுதிப் போடுறேன், நீங்களும் எழுதுங்க.