விமான இன்ஜின் தரும் அளவீட்டை எப்போது நம்புவது? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

லைன் மெயின்டனன்ஸ், 14 வருட அனுபவம்:

நைட் ஷிஃப்ட். மணி ரெண்டு இருக்கும். இன்ஜின் அளவுகள் ஃப்ளைட்டுக்கு ஃப்ளைட் எப்படி மாறுதுன்னு பார்க்குற டெஸ்க்ல இருந்து ஒரு தம்பி ஃபோன் பண்ணான். "அண்ணே, இடது இன்ஜின் ஈஜிடி நாலு ஃப்ளைட்டா மேல ஏறிட்டே இருக்கு. ஃப்ளைட் இப்போ உங்க ஸ்டேஷன்லதான் நிக்குது." ஈஜிடின்னா இன்ஜின்ல இருந்து வெளிய வர்ற வாயுவோட வெப்பம்.

ஏ320 விமானம், சிஎஃப்எம்56-5பி இன்ஜின். கோளாறு எழுதுற டெக் லாக்ல பைலட் ஒரு வரி எழுதலை. எழுத என்ன இருக்கு? ரெட்லைன்ங்கிற உச்ச வரம்புக்கு ரொம்பக் கீழதான் ஓடிட்டிருக்கு, காக்பிட்ல எல்லாம் பச்சை. அந்தச் சின்ன ஏற்றம் பல ஃப்ளைட்டோட அளவுகளை வரிசையா வச்சுப் பார்க்குறவனுக்குத்தான் தெரியும்.

நான் கேட்டது ஒண்ணுதான்: "ஃப்யூயல் ஃப்ளோவும் என்2வும் கூடவே ஏறியிருக்கா?" முதலாவது எரிபொருள் போற அளவு, ரெண்டாவது இன்ஜினோட உயர் அழுத்தப் பகுதி சுத்துற வேகம். என் சீனியர் சொல்லிக்கொடுத்த கேள்வி இது. ஈஜிடி மட்டும் தனியா ஏறினா முதல்ல அளக்குற பக்கத்தைத்தான் சந்தேகப்படணும். இந்த இன்ஜின்ல டர்பைனைச் சுத்தி வெப்பம் அளக்குற ஒன்பது தெர்மோகப்பிள், அதோட சராசரிதான் காக்பிட்டுக்குப் போகுது. வயர்ல கோளாறு வந்தாலும் எண் நகரும். மூணும் சேர்ந்து ஏறினா விஷயம் இன்ஜின்லதான். அன்னைக்கு மூணும் ஏறியிருந்தது.

கவுல்ங்கிற இன்ஜின் மூடியைத் திறந்து, உள்ள கேமரா விட்டுப் பார்க்குற போரஸ்கோப்புக்கு ஆள் சொல்றதுக்கு முன்னாடி, கம்ப்ரஸர் காத்தை எடுத்துட்டுப் போற ப்ளீட் டக்ட் ஓரமா டார்ச் அடிச்சேன். ஒரு கிளாம்ப் பக்கத்துல இன்சுலேஷன் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. விரல் பட்டதும் பொடியா உதிர்ந்துச்சு. கம்ப்ரஸர் கஷ்டப்பட்டு அழுத்தின காத்து அந்த வழியா வீணாப் போயிருக்கு. அதே த்ரஸ்டைக் கொடுக்க இன்ஜின் கூடுதலா எரிச்சிருக்கு. டக்ட் சீல் மாத்தி, கிளாம்ப்பைச் சரியான அளவுக்கு இறுக்கி, லீக் செக் முடிச்சு, காலையில அனுப்பினோம். அடுத்தடுத்த ஃப்ளைட்ல ஈஜிடி கோடு பழைய இடத்துக்கே இறங்கிடுச்சு. அந்தத் தம்பியை இன்னிக்கு வரை நேர்ல பார்த்ததில்லை. ஆனா அவன் ஃபோன் வந்தா டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்துடுவேன்.

ஹெலிகாப்டர் பராமரிப்பு:

அண்ணா, உங்களுக்கு ஃபோன் வந்தது, நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். அப்படி நடக்காத ஒன்று என் மனதை விட்டுப் போவதில்லை. 2009 ஏப்ரல் 1, வடகடல். எண்ணெய் மேடையிலிருந்து திரும்பிய சூப்பர் பூமா ஹெலிகாப்டர் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே கடலில் விழுந்து 16 பேரும் இறந்தார்கள். மேல் விசிறியைச் சுழற்றும் மெயின் கியர்பாக்ஸில் ஒரு பிளானட் கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றி வரும் பல்சக்கரம்) பிளந்திருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்றே, அந்தப் பகுதியின் சிப் டிடெக்டரில் (எண்ணெயில் வரும் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தம்) ஓர் உலோகத் துகள் கிடைத்திருந்தது! பராமரித்தவர்களும் தயாரிப்பாளரும் பேசிக்கொண்டதில் ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சரியாகப் புரியவில்லை. திறந்து பார்க்க வேண்டிய பகுதி திறக்கப்படவே இல்லை. அதிர்வைக் கண்காணிக்கும் ஹம்ஸ் கருவியும் அந்த விரிசலைக் காட்டவில்லை.

அந்த விசாரணை அறிக்கையைப் படித்த பிறகு, சிப் டிடெக்டரைக் கழற்றினால் வெள்ளைத் துணியில் துடைத்து லென்ஸ் வைத்துத்தான் பார்க்கிறேன். மை போலப் பிசுபிசுத்தால் அது வழக்கமான தேய்மானம். வெட்டிய நகம் போல மினுங்கும் செதில் வந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் படம் எடுத்து, எழுத்தில் அனுப்பி, பதிலும் எழுத்தில் வரும் வரை ஹெலிகாப்டரை விடுவதில்லை. நேரமாகிறது என்று மேலே இருந்து திட்டு வந்திருக்கிறது. வரட்டும்.

முன்பு சிங்கப்பூர், இப்போது சென்னை:

2010 நவம்பர் 4, குவான்டாஸ் 32 விமானம். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேல் ஏ380இன் இரண்டாவது இன்ஜின் வெடித்தது. ஒரு சிறிய ஆயில் குழாயின் உட்துளை மையம் விலகியிருந்ததால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து விரிசல் விட்டது; கசிந்த ஆயிலில் தீப்பிடித்து டர்பைன் டிஸ்க் உடைந்தது. 469 பேரும் உயிரோடு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினார்கள். இறங்கிய பிறகும் முதல் இன்ஜினை அணைக்க முடியவில்லை, சிதறிய துண்டுகள் அதன் வயர்களை அறுத்திருந்தன. தீயணைப்பு வீரர்கள் சுமார் மூன்று மணி நேரம் தண்ணீரும் நுரையும் அடித்த பிறகுதான் அது நின்றது.

சென்சார் எத்தனை இருந்தாலும் செய்தி போவது அந்த வயரில்தானே. கவுல் மூடுவதற்கு முன் ஒவ்வொரு கிளாம்ப் இடத்திலும் வயர் உரசியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். போன மாதம் இன்ஜினின் முன் விசிறி வேகத்தை அளக்கும் ஒரு என்1 சென்சார் வயரில் மேலுறை தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. அந்த இன்ஜினைப் பற்றி அதுவரை ஓர் எச்சரிக்கையும் வந்திருக்கவில்லை.