வாசிப்புக் குழுவில் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள், என்ன செய்யலாம்?

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிறோம், ஒன்பது பேர், ஆரம்பித்து 14 மாதமாகிறது. எல்லாரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆனால் கருத்து சொல்லும் நேரத்தில் இரண்டு பேர் மட்டுமே பேச, மற்றவர்கள் "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுகிறார்கள்.

போன ஞாயிறு சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966). ஒரு அக்கா பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு, நடுவே பஸ் டிக்கெட்டெல்லாம் செருகி வைத்திருந்தார், தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதியில்தான் நிறையக் கோடு. அவர் முறை வருவதற்குள் இன்னொருவர் நாவலின் அரசியலை இருபது நிமிடம் பேசி முடித்திருந்தார். அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கோடுகளைப் பற்றிக் கேட்கத்தான் எனக்கு ஆசை.

வரிசையாகப் பேச வைத்தோம், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றோம் (யாரும் கடைப்பிடிக்கவில்லை), கேள்விகளை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அப்புறம் பிடித்த பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். அது மட்டும் கொஞ்சம் கைகொடுத்தது, ஆனால் வாசித்து முடித்ததும் மறுபடி மௌனம்.

நிறையப் பேசுகிறவர்கள் மனம் நோகாமல், தயங்குகிறவர்களைப் பேச வைக்க உங்கள் குழுவில் எது பலித்தது?