உணவை உரிமையாக உறுதிசெய்ய ஏழை நாடுகளால் இயலுமா?

கேள்வி:
பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, பசியின்றி வாழ்வதை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்கிறது. 2ஆம் பிரிவோ, தன்னிடமுள்ள வளங்களை இயன்றவரை பயன்படுத்திப் படிப்படியாக நிறைவேற்றுவதே அரசின் கடமை என்று தளர்த்திவிடுகிறது. வரி வருவாய் சொற்பமான ஒரு நாடு இதைச் சட்டமாக்கினால், அது ஏட்டுச் சுரைக்காய்தானே?

பதில் 1:
உரிமை என்றதும் அரசே எல்லோருக்கும் உணவளிப்பது என்று தாங்கள் எடுத்துக்கொள்வதாகத் தோன்றுகிறது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1999இல் வெளியிட்ட 12ஆம் பொதுக் கருத்துரை, அரசின் கடமையை மதித்தல், பாதுகாத்தல், நிறைவேற்றுதல் என மூன்றாகப் பிரிக்கிறது. உழுபவரின் நிலத்தைப் பறிக்காமலிருக்கவும், நிவாரணத்தை வழிமறிக்காமலிருக்கவும் கருவூலம் நிரம்பியிருக்க வேண்டியதில்லை. மூன்றாவதற்குத்தான் பணம் வேண்டும். அதிலும் நேரடியாக உணவு வழங்குவது, தாமே உணவு தேடிக்கொள்ள இயலாதவர்களுக்கு மட்டுமே. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் தானியத் தட்டுப்பாட்டைவிட, விலையேற்றத்துக்கு ஈடாகக் கூலி உயராததே பலரைக் கொன்றது என்று அமர்த்தியா சென் 1981இல் வாதிட்டதையும் மறக்க வேண்டாம்.

பதில் 2:
இதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 2007–08இல் உலகச் சந்தையில் தானிய விலை எகிறியபோது ஏற்றுமதி நாடுகள் சில தம் கதவுகளை அடைத்துக்கொண்டன. இறக்குமதியை நம்பியிருந்த ஏழை நாடுகளில் எந்த நீதிமன்றம் ஆணையிட்டிருந்தாலும் கப்பல் வந்திருக்காது. இந்தியாவில் 2001இல் தொடுக்கப்பட்ட உணவுரிமை வழக்கைப் பலரும் முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். அப்போது அங்கே கிடங்குகள் நிரம்பி வழிந்தன என்பதை மட்டும் ஏனோ சொல்வதில்லை.

பதில் 3:
கிடங்கு காலியாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒரு பயன் உண்டு. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் பயனாளிக்கு உணவுப் பாதுகாப்புப் படியாகப் பணம் தர வேண்டும். முறையிட மாவட்டந்தோறும் ஓர் அலுவலரும் உண்டு. எனவே, எல்லோருக்கும் எல்லாம் என்று எழுதிவைப்பதைக் காட்டிலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு என்பதைப் போன்ற சிறிய, கேட்டுப் பெறக்கூடிய உறுதியிலிருந்து ஏழை நாடு தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்தது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
முறையிட ஓர் இடம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். எனினும், உணவுக்கு வழியற்றோருக்குப் பணமோ தானியமோ வழங்க எத்தியோப்பியா 2005இல் தொடங்கிய பாதுகாப்புவலைத் திட்டத்துக்குப் பெரும்பங்கு நிதி வெளிநாட்டுக் கொடையாளர்களிடமிருந்தே வந்தது. அத்தகைய கொடை நின்றுபோனால், பசித்தவர் யார்மீது வழக்குத் தொடுப்பது?