மறு: மொரட்டோரியம் - தமிழில் ஒரே சொல் போதுமா?

வணக்கம் ஐயா. மொரட்டோரியம் என்றால் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பது. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் கேட்டது:

> 'கால அவகாசம்' என்றே பட்டியலில் சேர்த்துவிடலாமே?

கடன் வாங்கியவருக்குச் சரி. வங்கிக்கு ஒட்டவே ஒட்டாது.

கடன் வாங்கியவருக்கு ஒரு மொரட்டோரியம், வங்கிக்கு ஒரு மொரட்டோரியம் என 2020இல் இரண்டையும் பார்த்தோம். மார்ச் 27 அன்று, கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிக் கட்டலாம் என்றது ரிசர்வ் வங்கி. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று லட்சுமி விலாஸ் வங்கிக்கு மொரட்டோரியம் வந்தது. 1926இல் கரூரில் தொடங்கிய வங்கி. பணம் போட்டவர் டிசம்பர் 16 வரை 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். மகள் கல்யாணத்துக்கு அங்கே பணம் போட்டு வைத்தவரிடம் போய் 'உங்களுக்குக் கால அவகாசம்' என்று சொல்லிப் பாருங்கள்!

முதலாவதற்கு 'தவணை ஒத்திவைப்பு' போதும். 'தவணை விலக்கு' வேண்டாம்; வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது. தள்ளுபடி என்றே பலர் நம்பிவிட்டார்கள்.

இரண்டாவதுதான் சிக்கல். 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி கேட்க, மத்திய அரசு ஆணையிடுகிறது. வங்கிமீதான வழக்குகள் அப்படியே நிற்கும். ஆணையில் அனுமதித்தது போக, டெபாசிட்தாரருக்கோ வங்கிக்குக் கடன் கொடுத்த மற்றவருக்கோ எதையும் கொடுக்கக் கூடாது. மொத்தம் 6 மாதம்தான் உச்சம். எல்லோரும் முண்டியடித்துப் பணத்தை உருவுவதற்குள் சீரமைப்போ இணைப்போ முடிய வேண்டும். லட்சுமி விலாஸ் நவம்பர் 27 அன்றே டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது.

'பட்டுவாடா நிறுத்தம்' என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல புழக்கச் சொல். ஆனால் நம் ஊரில் பட்டுவாடா என்றாலே பறக்கும் படைதான் கண்முன் வருகிறது. 'கொடுப்பனவு நிறுத்தாணை' என் பரிந்துரை. இலங்கை மத்திய வங்கியின் தமிழில் 'கொடுப்பனவு' நன்றாகப் பழகிய சொல். நமக்கும் புரியாமல் போகாது. 'ஆணை' இருப்பதால், வங்கி தானாகக் கதவைச் சாத்தவில்லை என்பதும் தெரியும்.

நாளிதழ்கள் எழுதும் 'தடை'யை ஏன் ஏற்கவில்லை என்றால், 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் கணக்குக்கு 1,000 ரூபாய் மட்டும் என்று முதலில் கட்டுப்படுத்தினார்களே, அது மொரட்டோரியமே இல்லை. 35அ பிரிவில் ரிசர்வ் வங்கி நேரடியாகப் போட்ட உத்தரவு. அதற்கு 'எடுப்பு வரம்பு' என்று தனியாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் 'தடை' என்றால், யார் விதித்தார்கள், எத்தனை நாள் என்பதெல்லாம் குழம்பிவிடும்.

அப்புறம் ஒரு சந்தேகம். 'நிறுத்தாணை' என்பது நீதிமன்றத் தடையாணையோடு மோதுமா? குழுவில் உள்ள வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும். வேறு மறுப்பு இல்லையென்றால் இரண்டு பதிவுகளாகவே ஏற்றிவிடலாம்.