ரோஜா முதல் மெய்யழகன் வரை: அரவிந்த்சாமியோடு கூடவே வளர்ந்தவர்கள் இருக்கிறீர்களா?

மன்னார்குடிப் பெண்:

போன வாரம் நானும் என் 17 வயது மகளும் ‘மெய்யழகன்’ பார்த்தோம். எனக்கு அது நான்காவது முறை. பாதிப் படத்தில் அவள் கேட்டாள்: “அம்மா, உனக்குப் பிடித்தவர் ரோஜாவில் வந்த அந்த இளைஞரா, இவரா?” பதில் வரவில்லை. இரண்டு நாளாக அதே நினைப்பாக இருக்கிறேன்.

1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தபோது எனக்கு 13 வயது, அவருக்கு 22. அத்தைதான் அழைத்துப் போனார். எரிகிற தேசியக் கொடியின் மேல் அவர் விழுந்து புரண்டபோது கொட்டகையே கைதட்டியது. நானோ அவருக்குச் சுட்டுவிடுமே என்று அழுதேன். வாரப் பத்திரிகையில் வந்த அவர் படத்தை வெட்டி, கணக்கு நோட்டுக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டையின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். யார் கண்ணுக்கும் தெரியாது. கணக்கு வகுப்பு முழுவதும் அவர் என் கைக்குக் கீழே இருப்பார். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் அன்று இரவுச் சோறு இறங்காது.

வரன் பார்க்கத் தொடங்கியதும், அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களிடமும் கேட்டதை என்னிடமும் கேட்டார்கள்: “அரவிந்த்சாமி மாதிரி மாப்பிள்ளை வேண்டுமோ?” மற்றவர்களுக்கு அது வெறும் பேச்சு. எனக்கு யாரோ நோட்டு அட்டையைப் பிரித்துவிட்டதுபோல் இருக்கும்.

2001-இல் கல்யாணம். 2003-இல் பாகப்பிரிவினையில் எங்கள் வீடு கைமாறியது. அதன்பிறகு நான் மன்னார்குடிப் பக்கமே போகவில்லை. அதே ஆண்டுகளில் அவரும் திரையில் இல்லை. ‘அலைபாயுதே’வில் சிறு வேடத்தில் வந்தவர், தொழில் பார்க்கப் போய்விட்டார் என்றார்கள். முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார் என்பதை வெகுகாலம் கழித்து அவருடைய பேட்டியில்தான் அறிந்தேன். நான் அவரை மறந்து குழந்தை வளர்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

2013-இல் ‘கடல்’ படத்தில் பாதிரியாராக வந்தார். முகம் மாறியிருந்தது, குரல் மாறவில்லை. எனக்கு முதல் நரை தெரிந்ததும் அந்த வருடம்தான். இரண்டு வருடம் கழித்துத் ‘தனி ஒருவன்’. கடைசியில் அவர் சாகும் காட்சியில் என் கணவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

உங்களுக்கும் இப்படி ஒருவர் கூடவே வந்திருந்தால் சொல்லுங்கள். மகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

காரைக்குடிக்காரி:

அவர் பிறந்த 1970-இல்தான் நானும் பிறந்தேன். 1991 தீபாவளிக்குத் ‘தளபதி’ பார்க்கப் போனோம். கொட்டகையில் பாதிப் பேர் ரஜினிக்காக வந்தவர்கள், மீதிப் பேர் மம்மூட்டிக்காக. நான் அந்தக் கலெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அதுதான் முதல் படம்.

அவர் திரையில் இல்லை என்று சொன்ன ஆண்டுகளில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மகேந்திரன் இயக்கிய ‘சாசனம்’, நெடுநாள் கிடந்து 2006-இல் வெளியானது. எங்கள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையைச் சுவீகாரம் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றிய படம். என் சித்தப்பா அப்படிப் போனவர். பெற்றவர்கள் வீட்டு வாசலில் அவர் நின்ற நிற்பு எனக்குத் தெரியும். அந்த நிற்பை அரவிந்த்சாமியிடம் பார்த்தேன். அதுவரை அழகுக்காகப் பார்த்தவள் அன்றுமுதல் நடிப்புக்காகப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் இவர்தான் என்பேன்.

மதுரை முருகன்:

ஓர் ஆணின் பதிலும் இருக்கட்டும். எனக்கு அவர் என்றால் குரல்தான். ‘தி லயன் கிங்’ முதலில் தமிழில் வந்தபோது சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் அவர். என் அப்பா இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வளர்ந்த சிம்பா மேகத்தில் தகப்பனைக் காணும் இடத்தில் நான் மாமாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன், குரல் மட்டும் கேட்டது. 2019-இல் அதைப் புதிதாக எடுத்தபோது என் மகனை அழைத்துப் போனேன். அதே குரல் இப்போது வில்லன் ஸ்காருக்கு. மகன் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் பயம் வரவில்லை, வேண்டியவர் ஒருவர் வெகுநாள் கழித்துப் பேசுவதுபோல் இருந்தது.

நிழலும் ஒளியும்:

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னியுங்கள் அக்கா. ‘ரோஜா’வில் ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன், ‘பம்பாய்’ படத்தில் ராஜீவ் மேனன். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முகத்தை அவர்கள் காட்டிய விதம் இருக்கிறதே, நீங்கள் இத்தனை காலம் நெஞ்சில் வைத்திருந்தது அந்த வெளிச்சத்தைத்தான் என்று நினைக்கிறேன். நான் ஒளிப்பதிவு படிக்கிறவன், அதனால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

மன்னார்குடிப் பெண்:

தம்பி, 13 வயதில் நான் பார்த்தது வெளிச்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘மெய்யழகன்’ பெரும்பாலும் இரவில் நடக்கிறது. ஊரை விட்டுப் போனவர் 22 ஆண்டு கழித்து, அன்றிரவே திரும்பிவிடும் எண்ணத்தோடு நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. மணமேடையில் தங்கை அவர் கொடுத்த பரிசை அங்கேயே பிரித்து நகைகளைப் போட்டுக்கொள்ளும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்குத்தான் அந்த முகம் வரும். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

நேற்று இரவு மகளிடம் சொல்லிவிட்டேன். இவர்தான் என்றேன். அந்த இளைஞரைப் பார்த்தபோது அவரைப் போல் ஒருவர் எனக்கு வேண்டும் என்று இருந்தது. இவரைப் பார்த்தால் ஊருக்குப் போக வேண்டும்போல் இருக்கிறது. அவள் ஒன்றும் சொல்லாமல் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்துவந்தாள். பசை காய்ந்துபோய், அட்டையைப் பிரித்ததும் படம் தானாகவே கையோடு வந்தது. அரையாண்டு விடுமுறைக்கு மன்னை எக்ஸ்பிரஸில் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

ஆச்சி, ‘சாசனம்’ எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். அதை நான் இன்னும் பார்க்கவில்லை.