இரட்சிப்பை இலவச ஈவாக ஏற்கத் தயங்கும் அப்பாவுக்கு எப்படி விளக்குவது?

குழுவிலுள்ள சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். 78 வயதான என் அப்பா, பக்கத்து வீட்டார் குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பாமல், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புகிறவர். அவரிடம் வேதாகமத்தில் எபேசியர் 2:8, 9 வசனங்களை வாசித்து, இரட்சிப்பு (பாவத்திலிருந்து மீட்கப்படுவது) நம் கிரியைகளுக்கு, அதாவது செயல்களுக்கு, கிடைக்கும் கூலியல்ல, தேவனுடைய ஈவு என்று சொன்னபோது, "சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பிலிப்பியர் 2:12-ஐத் திறந்து, "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்ற வரியில் "பிரயாசப்படுங்கள்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனம் சொல்வதைக் காட்டியும் அவர் சமாதானமாகவில்லை. இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் கடைசி நேரத்தில் மனந்திரும்பிய கள்ளனுக்குப் பரதீசு கிடைத்ததும் அவருக்கு நியாயமாகப் படவில்லை (சிறு வயதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது). நற்கிரியைகள் இரட்சிப்பின் விலையல்ல, அதன் கனி என்பதை, அவருடைய நேர்மையைக் குறைத்துப் பேசாமல் புரியவைக்க எந்த வேதபகுதியிலிருந்து தொடங்கலாம் என்று, வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பேசிய அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.